மூணாற்றுத் தலைப்பும் சிறு கணிப்பொறியும்

சோழவள நாட்டு உழவர் அளவைகளோடு வாழ்ந்து பழகியவர். நிலத்தை வேலி, மா, குழி எனவும், விளைவைக் கலம், மரக்கால், படி எனவும் அளந்தார். வானத்து மழையையும் அவர் விட்டுவைக்கவில்லை. மண் எவ்வளவு ஆழம் நனைந்து ஏர் பிடிக்கும் பதத்தை எய்தியது என்பதைக் கொண்டு 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று மதிப்பிட்டார். இன்றோ அவருடைய வாழ்வைத் தீர்மானிக்கும் அளவைகளுள் பெரும்பாலானவை பிறர் கையில் உள்ளன. மேட்டூரில் நீர் எத்தனை அடி, கல்லணையில் திறப்பு எத்தனை கன அடி, அரசு மழைமானியில் பதிவான மழை எத்தனை மில்லிமீட்டர், கொள்முதல் நிலையத்தில் தம் நெல்லின் ஈரம் எத்தனை விழுக்காடு என்பனவற்றை அவர் நாளிதழில் படித்தோ, வரிசையில் நின்று கேட்டோ அறிகிறார். ஓர் ஊர் தன் நீரையும் காற்றையும் தானே அளந்து, தானே குறித்து வைத்துக்கொள்ள இயலுமா? உள்ளங்கை அளவேயான சிறு கணிப்பொறிகள் வந்தபின் இவ்வினாவிற்கு 'இயலும்' என்றே விடை கூறலாம். ஆயினும் அவ்விடைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றை நீடாமங்கலத்தை நடுவாகக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

ஒற்றைப் பலகைக் கணிப்பொறி என்பது செயலி, நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் முனைகள் ஆகிய அனைத்தும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்த முழுக் கணிப்பொறியாகும். திரையும் விசைப்பலகையும் இன்றியே அஃது இயங்கும். இவ்வகையுள் உலகெங்கும் பரவியது, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தோன்றிய ராஸ்பெரி பை. பள்ளி மாணவர் கணிப்பொறியைத் தொட்டுப் பிரித்துக் கற்கவேண்டும் என்னும் நோக்கில் உருவாக்கப்பட்டு, 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. 2015 டிசம்பரில் இத்தகைய பலகைகள் இரண்டு பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கே சென்று, வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவற்றை அளந்து மாணவர்க்கு அனுப்பின. இதற்கு முன்னரே, 2005இல், இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஆர்டுயினோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகை பிறந்திருந்தது. ஆர்டுயினோ ஒரே வேலையைப் பிசகாமல் செய்யும் பணியாளைப் போன்றது. ராஸ்பெரி பை பேரேடு எழுதி, கூட்டிக் கழித்து, கேட்பார்க்கு விடையும் கூறும் கணக்கரைப் போன்றது. இவ்விருவரும் நமக்குத் தேவை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி நீடாமங்கலத்திற்கு வருவோம். மேட்டூரிலிருந்து கல்லணைக்கு வரும் நீர் அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிட்டு, நீடாமங்கலத்தை அடைந்ததும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகக் கிளைக்கிறது. இவ்விடத்தை மூணாற்றுத் தலைப்பு என்பர். பாமணியாறு மன்னார்குடி வழியே செல்லும். பாமணியும் கோரையும் இறுதியில் முத்துப்பேட்டைக் காயலைச் சேரும். எனவே இத்தலைப்பில் ஒரு மதகு எத்தனை அங்குலம் உயர்கிறது என்பது மன்னார்குடியின் நாற்றங்காலையும், அதற்கும் கீழே கடைமடையில் வாய்க்காலைப் பார்த்து நிற்கும் உழவரையும் தொடும் செய்தியாகும். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்படுகிறது என்னும் அறிவிப்பு தலைப்புச் செய்தியாக வரும். அந்நீர் தம் ஊர்க் கன்னி வாய்க்காலுக்கு என்று, எந்நேரம், எவ்வளவு உயரத்தில் வந்தது என்பதை எழுதி வைப்பார் இல்லை. முறைப்பாசனம் அறிவிக்கப்படும் ஆண்டுகளில் எழும் பூசல்களுக்குப் பெரும்பகுதி காரணம் இவ்வெழுதப்படாத கணக்கே எனலாம். 'எங்கள் முறையில் நீர் வரவில்லை' என்பார் ஒருவர். 'இரவில் வந்தது, நீர் பார்க்கவில்லை' என்பார் மற்றொருவர். இருவரும் மெய்யே கூறியிருக்கவும் கூடும்.

அந்த இரவைக் கண்விழித்துக் காக்கும் வேலையைத்தான் உணரி செய்கிறது. வாய்க்காலின் மேலே, மதகுச் சுவரையொட்டி ஒரு மீயொலி உணரி பொருத்தப்படுகிறது. அது நம் செவிக்கு எட்டாத ஒலித்துடிப்பைக் கீழ்நோக்கி அனுப்பும். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலி வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணித்தால் தொலைவு தெரியும். ஒரு சென்டிமீட்டர் தொலைவுக்குப் போய்வர ஏறத்தாழ 58 மைக்ரோ நொடி ஆகும். உணரிக்கும் வாய்க்கால் தரைக்கும் உள்ள தொலைவிலிருந்து இதனைக் கழித்தால் நீரின் உயரம் கிடைக்கிறது.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதனுள் ஒரு பொறி உண்டு. ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 பாகை செல்சியசில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டராக இருக்கும் அவ்வேகம் 35 பாகையில் 352 மீட்டராக உயரும். உணரிக்கும் நீருக்கும் இடையே 2 மீட்டர் தொலைவு இருப்பின், இத்திருத்தத்தைச் செய்யாத கருவி 5 செ.மீ. அளவுக்குப் பிழைபடும். அதாவது, நீர் அசையாமல் நின்றாலும் வைகாசி நண்பகலில் ஏறியதாகவும், விடியற்காலையில் இறங்கியதாகவும் கருவி சாதிக்கும். இதனை ஒருவர் ஊர்க்கூட்டத்தில் எடுத்துக்காட்டி, 'பகலில் நீர் விட்டு இரவில் அடைத்துவிடுகிறார்கள்' என்று குற்றம் சாட்டினால் என்ன ஆகும்? ஆகவே ஒவ்வொரு நீர்மட்ட உணரிக்கும் அருகே ஒரு வெப்பநிலை உணரியும் இருத்தல் வேண்டும். இரண்டையும் சேர்த்தே கணிக்குமாறு நிரலில் ஒரு வரி எழுதிவிட்டால் பிழை நீங்கும்.

அலையும் ஆகாயத்தாமரையும் மற்றொரு தொல்லை. இதற்கு விடை மிகப் பழையது. கெய்ரோ நகரின் ரவ்தா தீவில், அப்பாசியக் கலீபா அல் முத்தவக்கில் காலத்தில், கி.பி. 861இல் கட்டப்பட்ட நைல் நதி அளவைக் கூடம் இன்றும் நிற்கிறது. அரபியில் 'மிக்யாஸ்' என்பர். அளவைக் கருவி என்பது பொருள். அதனை வடிவமைத்தவராக வானியல் அறிஞர் அல் ஃபர்கானியைக் குறிப்பிடுவர். ஆற்றின் நடுவில் கோலை நடாமல், கரையில் ஓர் ஆழ்கிணறு தோண்டி, நிலத்தடி வழிகளால் ஆற்றோடு இணைத்து, அக்கிணற்றின் நடுவே முழக் கணக்குகள் பொறித்த பளிங்குத் தூணை நிறுத்தினர். ஆற்றின் அலை கிணற்றுக்குள் அடங்கிவிடும். மட்டம் மட்டும் அப்படியே தெரியும். நீர் 16 முழம் ஏறினால் நல்ல விளைச்சல் என்றும், அவ்வாண்டின் வரி இன்னது என்றும் முடிவுசெய்தனர். குடிகளின் சோறும் அரசின் கருவூலமும் ஒரே தூணைப் பார்த்து நின்றன. நம் வாய்க்காலுக்கு இத்துணைப் பெரிய கிணறு வேண்டா. பக்கவாட்டில் துளைகளிட்ட ஒரு பெரிய பி.வி.சி. குழாயை மதகுச் சுவரோடு செங்குத்தாகப் பிணைத்து, அதனுள்ளே உணரி நோக்குமாறு செய்தால் அதே பயன் கிட்டும். குழாயின் அகலம் போதாவிடில் ஒலி அதன் பக்கச்சுவரில் பட்டு மயங்கும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

உயரம் தெரிந்தால் கன அடி தெரிந்துவிடுமா? தெரியாது என்பதே நேர்மையான விடை. தடையின்றி வழிந்தோடும் கலிங்கில் உயரத்தைக் கொண்டு பாய்வைக் கணிக்கும் சூத்திரம் உண்டு. நம் சமநிலத்திலோ மதகின் கீழ்ப்புறத்திலும் நீர் தேங்கி நின்று மேல்நீரை எதிர்க்கும். ஆகையால் மதகின் இருபுறமும் அளந்தாலன்றிப் பாய்வைச் சொல்லலாகாது. தொடக்கத்தில் உயரத்தோடும் நேரத்தோடும் நிற்பதே நலம். தலைமதகில் ஒன்று, கடைமடையில் ஒன்று என இரண்டு உணரிகள் இருந்தாலே, நீர் இவ்விடத்திலிருந்து அவ்விடம் செல்ல எத்தனை மணி நேரம் என்பது ஒரு பருவத்தில் தெளிவாகும். முறை வைப்பதற்கு அதுவே பெருந்துணை. ஆற்றுத் தலைப்புகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளவை. அங்கே இசைவின்றி ஓர் ஆணியும் அடித்தல் கூடாது. ஊர் வாய்க்காலிலும் தம் வயலிலும் தொடங்குவதே முறை.

இப்போது பலகையின் குறைகளைக் கூறவேண்டும். ராஸ்பெரி பை கணிப்பொறியின் முனைகள் 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டை மட்டுமே அறியும். ஏறியிறங்கும் மின்னழுத்தத்தை அதனால் நேரே அளக்க இயலாது. அத்தகைய உணரிக்கு இடையில் ஒரு மாற்றிச் சில்லு தேவை. அதன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. மீயொலி உணரிகள் பலவும் 5 வோல்ட்டில் விடை தருவன. இரண்டு மின்தடைகளை இடையே வைத்து அழுத்தத்தைக் குறைக்க மறந்தால் பலகை பாழாகும். இப்பலகைகளுள் பலவற்றிற்குச் சொந்தக் கடிகாரமும் இல்லை. மின்சாரம் போய் வந்தபின், இணையமும் இல்லையெனில், பழைய நேரத்தையே புதியதாக எண்ணி எழுதத் தொடங்கும். நேரம் தவறிய நீர்மட்டக் கணக்கைக் கொண்டு எந்த முறையையும் தீர்க்க முடியாது. பொத்தான் மின்கலத்தில் ஓடும் தனிக் கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்ப்பது இன்றியமையாதது. எழுதும்போதே மின்சாரம் அறுந்தால் நினைவட்டை பழுதாவதும் உண்டு.

மின்சாரமே இக்கட்டுரையின் கடினமான பகுதி. கருவி சராசரியாக ஒன்றரை வாட் செலவிடுவதாகக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு 36 வாட்-மணி. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் கதிரவன் முகம் காட்டாவிட்டால் 108 வாட்-மணி வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் தருவதோ முழுவதையும் உறிஞ்சினாலும் 84 மட்டுமே; பாதிக்கு மேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும். மழையை அளக்க வைத்த கருவி மழைநாளிலேயே உறங்கிவிடும்! 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தபோது மின்கம்பங்கள் பெருந்தொகையாய்ச் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன; கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. மின்சாரத்தையும் கைப்பேசிக் கோபுரத்தையும் நம்பிய கருவி எதுவாயினும், நாம் கணக்கைப் பெரிதும் வேண்டி நிற்கும் அந்நாளிலேயே வாயடைத்துப் போகும்.

பணியாளும் கணக்கரும் சேர்ந்து இயங்கவேண்டும் என்றது இதற்காகவே. வயலில் ஒரு நுண்கட்டுப்படுத்தியை மட்டும் வைப்போம். அது 10 நிமிடத்திற்கு ஒருமுறை விழித்து, அளந்து, தன்னிடமே ஒரு படி எழுதிக்கொண்டு, சிற்றலையில் வீட்டிற்குச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கும். உறங்கும்போது அதன் செலவு மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். சிறு மின்கலமே பல நாள் தாங்கும். லோரா எனப்படும் வானொலி முறை, 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள உரிமம் வேண்டாத அலைவரிசையில், திறந்த வயல்வெளியைக் கடந்து சில கிலோமீட்டர் செல்லும். ராஸ்பெரி பை ஊரில், பள்ளியிலோ நூலகத்திலோ, கூரையின் கீழிருந்து அதனைக் கேட்டுப் பேரேட்டில் பதியும். 10 நிமிடத்திற்கு ஒரு பதிவு என்றால் நாளுக்கு 144, ஆண்டுக்கு 52,560. ஒரு பதிவு 40 எழுத்துகள் என்றாலும் ஆண்டு முழுவதன் கணக்கும் ஒரு நிழற்படத்தின் அளவுதான். ஆதலின் இணையத்தில் எங்கோ சேமிக்கவேண்டிய தேவையே இல்லை. ஊரின் கணக்கு ஊரிலேயே இருக்கலாம்.

மழைமானியைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவேன். சிறு ஊஞ்சற்பலகை போன்ற இரட்டைக் கிண்ணத்தில் ஒருபுறம் நிரம்பியதும் சாய்ந்து நீரைக் கொட்டும். ஒவ்வொரு சாய்வும் ஓர் எண்ணிக்கை. 200 சதுர செ.மீ. வாயுள்ள மானியில் 0.2 மி.மீ. மழைக்கு ஒரு சாய்வு எனின், ஒரு கிண்ணம் கொள்வது 4 மில்லிலிட்டர். 400 மில்லிலிட்டர் நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் 100 முறை சாயவேண்டும். சாயாவிடில் திருகாணியைத் திருத்தலாம். எட்டாம் வகுப்பு மாணவரும் செய்யத்தக்க சோதனை இது. பெருமழையில் இவ்வகை மானி சற்றுக் குறைத்தே காட்டும். மரத்திலிருந்து அதன் உயரத்தைப் போல் இருமடங்கு தள்ளி வைக்கவேண்டும் என்பது விதி. தென்னைகளுக்கிடையே வீடமைத்த நம்மவர்க்கு 15 மீட்டர் மரத்திற்கு 30 மீட்டர் தள்ளி இடம் தேடுவதே பெரும்பாடு. தமிழக அரசு 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவும் திட்டத்தை மேற்கொண்டமை வரவேற்கத்தக்கது. ஆயினும் ஒரே மாலையில் நீடாமங்கலத்தில் கொட்டி, அடுத்த ஊரில் தூறலோடு நின்றுவிடும் மழையை நாமெல்லாம் கண்டிருக்கிறோமன்றோ?

காற்றின் ஈரப்பதத்திற்கு வருவோம். இதனைப் பலரும் வானிலைச் செய்தியின் கடைசி வரியாகக் கருதிக் கடந்துவிடுவர். டெல்டா உழவர்க்கோ அது பணம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரத்திற்கு வரம்பு 17 விழுக்காடு. அறுவடை நேரத்தில் மழை பெய்துவிட்டால் இவ்வரம்பைத் தளர்த்துமாறு கோரிக்கை எழுவதும், நடுவண் அரசின் குழுவினர் வந்து பார்ப்பதும், களத்தில் கிடக்கும் நெல் முளைப்பதும் நாம் மீண்டும் மீண்டும் காண்பன. 20 விழுக்காடு ஈரமுள்ள 40 கிலோ மூட்டை 17க்கு உலரும்போது 38 கிலோ 550 கிராம் அளவுக்குக் குறையும். எடையைவிடக் கொடிது காத்திருப்பு.

நெல் தன்னைச் சூழ்ந்த காற்றோடு சமநிலை தேடும் பொருள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடாக இருந்தால் நெல்லின் ஈரம் ஏறத்தாழ 14இல் வந்து நிற்கும். காற்று 90ஐத் தொட்டுவிட்டால் அதே நெல் 17க்குக் கீழே இறங்க மறுக்கும். அடைமழைக்கால நாளில் எத்தனை முறை கிளறிவிட்டாலும், எத்தனை ஆள் வைத்தாலும் அவ்வரம்பை எட்ட முடியாது என்பது உழவரின் சோம்பலைக் காட்டுவதன்று. காற்றின் இயல்பு அது. ஒரு சிறிய உணரி களத்து ஓரத்தில் நின்று மணிக்கணக்கில் இதனைப் பதிந்து வைத்தால், எந்த நாளில் எந்த மூன்று மணி நேரம் காற்று 70க்கு இறங்குகிறது, அப்போது தார்ப்பாயை விலக்கினால் போதும் என்பதை அறியலாம். வரம்பு தளர்வு வேண்டி மனு எழுதுவோர்க்கும், 'பத்து நாளாக வெயிலில்லை' என்பதினும் பத்து நாளின் காற்றுக் கணக்கு வலுவான சான்று. இரவெல்லாம் பனி தங்கி ஈரம் 90க்கு மேல் நிற்கும் நாட்களை எண்ணிக் குலைநோய்க்கு முன்னெச்சரிக்கை செய்வதும் இதே உணரியால் கூடும்.

இவ்வுணரியைச் சோதிக்க விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் வேண்டா. ஒரு சிறு மூடியில் சமையல் உப்பை வைத்து, கூழாகும் அளவு மட்டும் நீர் தெளித்து, உணரியோடு ஒரு கண்ணாடிச் சாடியில் இறுக மூடி ஓரிரவு விடுக. உள்ளே காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். இஃது இயற்கையின் விதி. உணரி 82 காட்டினால் அதன் பொய் 7 என்று அறியலாம். ஆண்டுக்கு இருமுறை இச்சோதனை தேவை, ஏனெனில் நம் பனிக்கால ஈரத்தில் இவ்வுணரிகள் மெல்ல மெல்லத் தடம் மாறும். உணரியைப் பலகையோடு ஒட்டி ஒரே பெட்டியில் வைத்தலும் தவறு. செயலியின் சூடு வெப்பநிலையைக் கூட்டிக் காட்டும். வெண்ணிறமான, காற்றோட்டமுள்ள அடுக்குத் தட்டுகளின் நிழலில், ஏறத்தாழ நாலடி உயரத்தில் தனியே தொங்கவிடவேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமான நீர் மேலாண்மைக்கும் உணரி உதவும். வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, நீர் மண்மட்டத்திற்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் மீண்டும் 5 செ.மீ. பாய்ச்சும் இம்முறையைப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது. நீர்ச்செலவு 30 விழுக்காடு வரை குறையும் என்பர். பூக்கும் பருவத்தில் இதனைக் கைவிட்டு நீர் நிறுத்தவேண்டும். ஆழ்குழாய்க் கிணறு உடையவர்க்கு இது பொருந்தும். ஆற்றுமுறையை மட்டுமே நம்பியவர், குழாய் 15 காட்டும் நாளில் வாய்க்காலில் நீர் இல்லையெனில் என்ன செய்வார்? அவருக்கு வயற்குழாயைவிட மதகுக் குழாயே முதல் தேவை என்பது என் கருத்து.

கருவியை நிறுவுதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கணக்கைப் பிறர் ஏற்குமாறு காத்தல் ஆண்டுக்கணக்கான வேலை. மதகருகே வண்ணமிட்ட ஓர் அளவுகோலையும் நட்டு, வாரம் இருமுறை கண்ணால் பார்த்த அளவை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கருவியின் எண்ணோடு ஒப்பிடவேண்டும். மழையை நாள்தோறும் காலை 8.30க்குக் கணக்கு முடிக்கவேண்டும். வானிலைத் துறையின் நாட்கணக்கு அப்பொழுதே முடிகிறது என்பதால் ஒப்பிட எளிதாகும். நீடாமங்கலத்திலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருப்பதால், ஐயம் தீர்க்கவும் அருகிலேயே ஆள் உண்டு. கருவி நின்றுபோன நாட்களை வெற்றிடமாகவே விடவேண்டும். முன்பின் நாட்களைப் பார்த்து நிரப்பலாகாது. உணரியை மாற்றிய நாள், சிலந்தி வலையைத் துடைத்த நாள், மாடு முட்டிக் குழாய் சாய்ந்த நாள் ஆகியவற்றையும் அதே நோட்டில் எழுதுக. ஒரு பருவத்தின் பதிவை எடுத்துக்கொண்டு நீர்ப்பாசனச் சங்கத்தின் முன் செல்லும்போது, எதிர்த்தரப்பினர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.